லூனசாவைத் தேடிப் போவது எப்படி? அயர்லாந்து அறுவடை விழாவுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆகஸ்ட் முதல் தேதி டப்ளினில் போய் இறங்கி, "லூனசா விழா எங்கே நடக்கிறது?" என்று விசாரித்தால் பலர் விழிப்பார்கள். கெல்டிக் மக்களின் (அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளின் பழங்குடியினர்) நான்கு பெரும் பருவ நாட்களில் ஒன்று, பழைய ஐரிஷ் ஏடுகளில் திரும்பத் திரும்ப வரும் அறுவடைத் தொடக்க நாள், இன்றைய நகரத்தில் கண்ணில் படாது. தோரணம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. ஆகஸ்டின் முதல் திங்கட்கிழமை நாடு முழுவதும் அரசு விடுமுறை. அன்று மக்கள் கடற்கரைக்குப் போகிறார்கள்.

விழா ஒழிந்துபோகவில்லை. அது ஒரு கத்தோலிக்க மலை யாத்திரைக்குள்ளும், ஓர் ஆட்டை அரசனாக்கும் சந்தைக்குள்ளும், புது உருளைக்கிழங்குச் சாப்பாட்டுக்குள்ளும் போய்க் குடியேறிவிட்டது. வெள்ளை அங்கி உடுத்து வட்டமாக நிற்கும் கூட்டத்தைத் தேடிப் போகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். தேவாலய அறிவிப்புப் பலகையையும் சந்தைத் தேதியையும் பார்த்துப் போகிறவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அயர்லாந்துக்குப் படிப்பு, வேலை, சுற்றுலா என்று முதன்முறை போகிறவர் இந்தப் பருவத்தை எப்படிப் பின்தொடரலாம் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. இணையத்தில் படித்ததில் பாதியைக் கழித்துவிடுங்கள்

"கெல்டிக் அறுவடை விழாக்கள் மூன்று: லூனசா, மேபன், சௌவின்" என்று பல தளங்களில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் நடுவில் இருப்பதை அடித்துவிடலாம். செப்டம்பரில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்கு "மேபன்" என்று 1970களில்தான் அமெரிக்காவில் பெயர் வைத்தார்கள். அது வெல்ஷ் கதைகளில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர். அறுவடையோடு அதற்குச் சம்பந்தமில்லை. எட்டு விழாக்களை ஒரு சக்கரமாக அடுக்கும் வழக்கமும் 1950களில் இங்கிலாந்தின் நவீனப் பேகன் குழுக்களிடம், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டை மீட்க முயன்றவர்களிடம், உருவானதே. அவர்களுடைய வழிபாட்டை நான் குறை சொல்லவில்லை. பழைய விழாவைப் பார்க்கப் போகிறவருக்கு அந்தச் சக்கரம் வழிகாட்டாது, அவ்வளவுதான்.

பழைய ஐரிஷ் நாட்காட்டி சொல்லும் நான்கு நாட்கள் இவை: பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டனா, ஆகஸ்ட் 1 லூனசா, நவம்பர் 1 சௌவின். அறுவடையின் வாசல் லூனசா. அறுவடைக்குத் தாழ்ப்பாள் போடுவது சௌவின். இடையில் கடைசிக் கதிரை அறுக்கும் நாள் வரும். அது தேதிக்குக் கட்டுப்பட்டதல்ல, பயிருக்குக் கட்டுப்பட்டது.

லூனசாவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி கிராமத்து முதியவர்களிடமிருந்து வந்தது. ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் 1942இல் நாடெங்கும் ஒரு வினாப்பட்டியலை அனுப்பி, மக்கள் எந்த மலையில் கூடினார்கள், என்ன பழம் பறித்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டது. அந்தப் பதில்களையும் பழைய ஏடுகளையும் சேர்த்து ஆராய்ந்து மாய்ரா மெக்நீல் என்ற அறிஞர் 1962இல் வெளியிட்ட பெரிய நூல்தான் இன்றும் இத்துறையின் அடித்தளம். நூலகத்தில் கிடைத்தால் போவதற்கு முன் உங்கள் மாவட்டத்துக்கான பகுதியையாவது புரட்டிப் பாருங்கள். பக்கத்து ஊர் மலையின் பெயர் அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

2. தேதியை ஞாயிற்றுக்கிழமையாகத் தேடுங்கள்

ஆகஸ்ட் 1 என்பது ஏட்டுக் கணக்கு. மக்கள் கூடியது ஜூலையின் கடைசி ஞாயிறு அல்லது ஆகஸ்டின் முதல் ஞாயிறு. வயலில் வேலை இருக்கும் காலத்தில் ஓய்வு கிடைப்பது ஞாயிறு மட்டும்தானே. அந்த ஞாயிறுக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு: பூமாலை ஞாயிறு, ஃபிராகன் ஞாயிறு (ஃபிராகன் ஒரு காட்டுப் பழம்), குரம் டுவ் ஞாயிறு (இவன் கதை கீழே வருகிறது), மலை ஞாயிறு. ஒரே நாள்தான், எந்தப் பெயரைக் கேட்டாலும் குழம்ப வேண்டாம்.

சந்தைகள் மட்டும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்கும் கடைசிக்கும் தள்ளிப் போயிருப்பதைக் காண்பீர்கள். 1752இல் பிரிட்டனும் அயர்லாந்தும் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாட்கள் விழுங்கப்பட்டன. பயிர் அரசாணைக்காகச் சீக்கிரம் பழுக்குமா? பல ஊர்கள் பழைய கணக்கிலேயே தொடர்ந்தன. பழைய ஆகஸ்ட் 1 புதிய கணக்கில் ஆகஸ்ட் 12 ஆனது.

இந்தத் தேதிகளுக்குப் பின்னால் பசி இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. போன ஆண்டு இருப்பு ஜூலையில் தீர்ந்துவிடும். புதுப் பயிர் இன்னும் வந்திருக்காது. ஏழை வீடுகளில் முட்டைக்கோசை அவித்துத் தின்று நாளைக் கடத்தினார்கள். "முட்டைக்கோசு ஜூலை" என்றே அந்த மாதத்துக்குப் பெயர். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு என்பது வயிறு நிறையச் சாப்பிடும் முதல் நாள். இது புரியாமல் மலையில் ஏறினால் வெறும் நடைப்பயிற்சியாகத்தான் தெரியும்.

3. இரண்டு கதைகளைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்

முதல் கதை டால்டியு என்ற பெண்ணுடையது. காட்டை வெட்டிச் சமவெளியாக்கி, உழவுக்கு நிலம் திருத்தி, அந்த உழைப்பிலேயே களைத்து இறந்தவள் அவள். அவளிடம் வளர்ந்த பிள்ளை லூ என்ற தெய்வ வீரன். வளர்ப்புத் தாயின் நினைவாக அவன் தொடங்கிய விளையாட்டு விழாவே லூனசா என்கின்றன ஏடுகள். அறுவடைத் தொடக்கம் ஒரு நீத்தார் நினைவு நாளும்கூட என்பது எனக்கு இந்த மரபில் மிகப் பிடித்த விஷயம்.

அந்த விழா நடந்த இடமாகக் கருதப்படுவது மீத் மாவட்டத்தில் நவன், கெல்ஸ் ஊர்களுக்கு இடையிலுள்ள டெல்டவுன். இன்று போய்ப் பார்த்தால் புல்மேடுகள்தான். இங்கு நடந்ததாகச் சொல்லப்படும் ஓராண்டுத் திருமணம் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் கைகோத்துச் சேர்வார்கள். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்து ஒத்துவரவில்லை என்றால் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, முதுகோடு முதுகு காட்டி நின்று, ஒருவர் வடக்கேயும் மற்றவர் தெற்கேயும் நடந்துவிட்டால் மணம் முறிந்தது. வழக்கறிஞர் செலவு இல்லை. சுதந்திர அயர்லாந்து அரசு 1924, 1928, 1932 ஆகிய ஆண்டுகளில் டால்டியு விளையாட்டுகளை மீண்டும் நடத்திப் பார்த்தது. ஆனால் டெல்டவுனில் அல்ல, டப்ளினில்.

இரண்டாவது கதை மேற்குக் கரையில் கேட்கக் கிடைப்பது. குரம் டுவ் என்ற கூன் விழுந்த கறுத்த தலைவன் தானியத்தை எல்லாம் தன் பிடியில் வைத்திருந்தான். பழங்கதையில் அவனிடமிருந்து விளைச்சலை மீட்டது லூ என்றும், கிறிஸ்தவக் கதையில் அயர்லாந்துக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவராகப் போற்றப்படும் புனித பேட்ரிக் என்றும் வரும். பேட்ரிக் வந்ததும் அவன் தன் முரட்டுக் காளையை ஏவினான், காளை அடங்கியது, அதை அறுத்து விருந்தாக்கினார்கள், பிறகு எலும்புகளைச் சேர்த்து உயிர்ப்பித்தார்கள் என்று ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வார்கள். கெர்ரி மாவட்டத்தின் கிளோகான் கிராமத்துப் பழைய தேவாலயத்தில் குரம் டுவ்வின் தலை என்று நம்பப்பட்ட ஒரு கல் சிற்பம் இருந்தது. 1993இல் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

4. ஒரு மலையைத் தேர்ந்தெடுங்கள்

முதன்முறை போகிறவர் மேயோ மாவட்டத்தின் குரோ பேட்ரிக் மலைக்கே போகலாம். உயரம் 764 மீட்டர். புனித பேட்ரிக் 40 நாட்கள் உண்ணாநோன்பு இருந்த இடம் என்பது நம்பிக்கை. ஜூலையின் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலோடு. அன்று உச்சியில் உள்ள 1905இல் கட்டிய சிற்றாலயத்தில் பூசை நடக்கும். ஒரு காலத்தில் இரவில் ஏறுவதுதான் வழக்கம்; 1970களில் பகலுக்கு மாற்றினார்கள்.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு நேரடி ரயில் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மலையடிவாரக் கிராமம் மரிஸ்க், வெஸ்ட்போர்ட்டிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். அந்த வார இறுதிக்கு அறைகள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். எனவே முதலில் அறையைப் பதிவு செய்யுங்கள், பிறகு டிக்கெட் வாங்குங்கள். மாற்றிச் செய்தால் கையில் டிக்கெட் மட்டும் இருக்கும்.

ஏறுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

- கணுக்காலைப் பிடிக்கும் நடைச் செருப்பு, அதாவது பூட்ஸ். மலையின் மேல்பகுதி உருளும் சரளைக் கல். இப்போது பாதையைக் கல் பாவிச் சீர்படுத்தியிருக்கிறார்கள் என்றாலும் செங்குத்து குறையவில்லை.
- ஊன்றுகோல். அடிவாரத்தில் மரக்கோல் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அது வேண்டும்.
- மழைச்சட்டை, ஒரு கம்பளி, தொப்பி, கையுறை. ஜூலைதானே என்று அலட்சியம் வேண்டாம். அட்லாண்டிக் காற்று உச்சியில் எலும்பைத் தொடும். ஐந்து நிமிடத்தில் மேகம் மூடிவிடும்.
- தண்ணீரும் சாப்பாடும் கையோடு.
- ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். நடந்து பழக்கமில்லாதவருக்கு இன்னும் கூடும்.
- அவசரம் என்றால் 112 அல்லது 999. மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள். யாத்திரை நாளில் மீட்புக் குழுவினர் மலையிலேயே இருப்பார்கள், அவர்களுக்கு வேலை இல்லாமல் போவதும் இல்லை.

மலையில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் கற்குவியலைச் சுற்றி ஏழு முறை வலம் வந்து செபிப்பார்கள். இரண்டாவது உச்சியில், மூன்றாவது இறங்கும் வழியில். சுற்றுவது எப்போதும் சூரியன் போகும் திசையில், அதாவது வலமாக. நீங்கள் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் ஏறலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சுற்றிவருபவர்களின் குறுக்கே நடக்காமல், வெறுங்காலில் ஏறுபவர்களைப் படம் எடுக்காமல் இருந்தால் போதும்.

கூட்டம் பிடிக்காதவர் கெர்ரி மாவட்டத்தின் பிராண்டன் மலைக்குப் போகலாம். 952 மீட்டர், குரோ பேட்ரிக்கைவிடக் கடினம், காட்சி அதைவிட அழகு. தலையைத் திருட்டுக்கொடுத்த கிளோகான் அதன் காலடியில்தான் இருக்கிறது. அங்கே ஜூலை இறுதியில் ஊர்க்காரர்களே லூனசா விழா எடுக்கிறார்கள். தனியாகப் போகாதீர்கள், மூடுபனியில் வழி தவற வாய்ப்பு அதிகம். ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவிலும் இதே வழக்கம் இருந்தது: ஆகஸ்டின் முதல் ஞாயிறன்று 621 மீட்டர் ஸ்னேஃபெல் மலையில் ஏறினார்கள்.

பெரிய மலைகள் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் ஒரு குன்றோ ஏரிக்கரையோ புனிதக் கிணறோ இருந்தது. பூ பறித்துக்கொண்டு ஏறி, கோடை முடிகிறது என்பதற்கு அடையாளமாக அவற்றை உச்சியில் வைத்துவிட்டோ புதைத்துவிட்டோ வருவார்கள். உங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் "சின்ன வயதில் ஜூலைக் கடைசியில் எங்கே போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். லூனசா என்ற சொல்லையே பயன்படுத்தாமல் கேட்பதுதான் தந்திரம்.

5. ஃபிராகன் பறித்தல்

மலைச் சரிவில் ஹெதர் புதர்களுக்கு இடையே முழங்கால் உயரத்துக்கும் குறைந்த செடியில், கருநீல நிறத்தில், பட்டாணி அளவில் ஒரு பழம் இருக்கும். கடைகளில் விற்கும் புளூபெர்ரியின் காட்டு உறவு. ஆங்கிலத்தில் பில்பெர்ரி, அயர்லாந்தில் ஃபிராகன், ஸ்காட்லாந்தில் பிளேபெர்ரி. லூனசா ஞாயிறன்று இளைஞர்கள் இதைப் பறிக்கிறேன் என்று மலை ஏறுவார்கள். பறித்தது பாதி, பேசிப் பழகியது பாதி. பையன்கள் பழங்களை நூலில் கோத்துப் பெண்களுக்குக் கைவளையாகக் கட்டுவார்கள். மலையிறங்கும்போது வளையைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வருவதும் உண்டு. வீட்டுக்கு வந்த பழத்தில் பெண்கள் கேக் செய்து, மாலை நடனத்தில் பிடித்தவனுக்குக் கொடுப்பார்கள். எத்தனை திருமணங்கள் அங்கே முடிவாயின என்பதைக் கிராமத்து முதியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

பெரியவர்களின் அக்கறை வேறு. ஃபிராகன் நிறையக் காய்த்தால் மற்ற விளைச்சலும் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

நீங்கள் பறிக்கப் போனால் முழுக்கால் சட்டை அணிந்து, அதன் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அந்தப் புதர்களில் உண்ணி இருக்கும், லைம் என்ற நோயைப் பரப்பும். திரும்பியதும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழத்தை நசுக்கிப் பாருங்கள்: ஃபிராகனின் உட்சதை கருஞ்சிவப்பாக விரலில் ஒட்டும். சந்தேகமாக இருந்தால், விவரம் தெரிந்தவர் காட்டும்வரை வாயில் போடாதீர்கள். இன்னொன்று, அயர்லாந்தின் மலைகள் பெரும்பாலும் தனியார் நிலம் அல்லது சிலருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது. அயர்லாந்தில் அப்படி ஒரு பொது உரிமை இல்லை. வேலிக் கதவைத் திறந்தால் மூடுங்கள். நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள், அங்கே ஆடுகள் மேய்கின்றன.

6. சந்தைக்குப் போங்கள்

இரண்டு சந்தைகள் புகழ்பெற்றவை. ஒன்று தென்மேற்கில், மற்றொன்று வடகிழக்கில்.

கெர்ரி மாவட்டத்தின் கில்லார்க்ளின் ஊரில் ஆகஸ்ட் 10, 11, 12 ஆகிய மூன்று நாட்கள் பக் சந்தை. கிழமை எதுவானாலும் தேதி மாறாது. மலையிலிருந்து ஒரு காட்டுக் கிடாவைப் பிடித்து வருவார்கள். "பக் ராணி"யாகத் தேர்வான பள்ளிச் சிறுமி அதற்கு முடிசூட்டுவாள். பிறகு கிடாவைக் கூண்டோடு ஏறத்தாழ 50 அடி உயர மேடையில் ஏற்றுவார்கள். மூன்று நாளும் அதுதான் ஊருக்கு அரசன். சந்தை முடிந்ததும் மலைக்கே அனுப்பிவிடுவார்கள். 1613இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சந்தைக்கு உரிமம் கொடுத்த ஆவணம் இருக்கிறது. சந்தை அதற்கும் முந்தியது என்பது பலரின் கருத்து. அயர்லாந்தின் மீது படையெடுத்த இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல்லின் படை வருவதை ஓர் ஆடு ஓடிவந்து எச்சரித்தது என்ற கதையும் உண்டு. ஆனால் கிராம்வெல் அயர்லாந்துக்கு வந்தது 1649இல், உரிமத்துக்குப் பிறகு. கதையைக் கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆடு விஷயத்தில் உங்களுக்கு மனம் ஒப்பாமல் போகலாம். உள்ளூரிலேயே அந்த விவாதம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு வெயிலில் எதிர்ப்பு வலுத்து, கிடாவை மேடையிலிருந்து இறக்கினார்கள். என்னைக் கேட்டால், கிடாவை அந்த உயரத்தில் ஏற்றாமலே முடிசூட்டலாம். சந்தைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

போகிற வழி: ரயிலில் கில்லார்னி வரை, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் பஸ். குதிரைச் சந்தை வேண்டுமென்றால் முதல் நாளான 10ஆம் தேதி காலையில் அங்கே இருங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் பகலில் பார்த்துவிட்டு மாலையில் கிளம்பிவிடலாம். அந்த நாட்களில் மதுக்கடைகள் அதிகாலை 3 மணி வரை திறந்திருக்க அனுமதி உண்டு, கூட்டமும் அதற்கேற்றபடி இருக்கும்.

மற்றொன்று ஆன்ட்ரிம் மாவட்டத்தின் பாலிகாசில் ஊரில், ஆகஸ்டின் கடைசித் திங்களும் செவ்வாயும் நடக்கும் பழைய லாமாஸ் சந்தை. லாமாஸ் என்பது ஆகஸ்ட் 1 அறுவடை நாளின் ஆங்கிலப் பெயர். அங்கே இரண்டு தின்பண்டங்களை விட்டுவிடாதீர்கள். டல்ஸ் என்பது வெயிலில் உலர்த்திய செங்கருப்புக் கடற்பாசி. உப்பும் கடலும் கலந்த சுவை, மெல்ல மெல்லத்தான் பிடிபடும். எல்லோமேன் என்பது மஞ்சள் நிற மிட்டாய். பாகில் சமையல் சோடா போட்டுப் பொங்கவைத்து இறுகவிட்டு, சுத்தியலால் உடைத்துக் கொடுப்பார்கள். டல்ஸை முதலில் தின்றுவிட்டு எல்லோமேனைத் தின்பதே சரியான வரிசை.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பாலிகாசில் வட அயர்லாந்தில் இருக்கிறது, அதாவது பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. கில்லார்க்ளின் அயர்லாந்துக் குடியரசு. இரண்டுக்கும் வெவ்வேறு விசா. ஷெங்கன் விசா இரண்டுக்கும் செல்லாது. இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று உண்டு. அதற்குரிய குறிப்பு உங்கள் குறுகிய கால விசாவில் இருந்தால் ஒரே விசாவில் இரு பக்கமும் போகலாம். டப்ளினில் வேலை அனுமதியோடு வசிப்பவருக்கு அந்த அனுமதி மட்டும் வடக்கே போகப் போதாது. சாலையில் எல்லைச் சாவடி இல்லை, பஸ் நிற்காமல் தாண்டும். அதனால் விசா வேண்டாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

7. முதல் கிழங்கை முறையாகச் சாப்பிடுங்கள்

லூனசாவின் பழைய உணவு புதுத் தானியம். உருளைக்கிழங்கு அயர்லாந்துக்கு வந்த பிறகு அந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. பூமாலை ஞாயிறுக்கு முன்னால் கிழங்கைத் தோண்டுவது கேவலம். வீட்டை நடத்தத் தெரியாதவன் என்று ஊர் பேசும். அன்று வீட்டுத் தலைவர் முதல் செடியைத் தோண்டுவார். அந்த முதல் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டால் ஆண்டு முழுவதும் பசி வராது என்று நம்பினார்கள்.

ஜூலையில் காய்கறிக் கடையில் "குவீன்ஸ்" என்று கேட்டு வாங்குங்கள். அயர்லாந்துக்காரர்கள் ஆவலோடு காத்திருக்கும் முன்பருவ வகை அது. தோலோடு உப்பு நீரில் அவித்து, தண்ணீரை வடித்து, மூடிய பாத்திரத்தில் இரண்டு நிமிடம் ஆவி போகவிட்டு, வெண்ணெயும் உப்பும் போட்டுச் சாப்பிட வேண்டும். மிளகாய்ப்பொடியை எடுக்கும் கையைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள், முதல் தட்டுக்கு மட்டுமாவது.

இரண்டாவது தட்டுக்குக் கோல்கேனன் செய்யலாம். நான்கு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு, கால் கிலோ முட்டைக்கோசு அல்லது கேல் கீரை, ஒரு கட்டு வெங்காயத்தாள், ஒரு டம்ளர் பால், நூறு கிராம் வெண்ணெய். கீரையைத் தனியாக வேகவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்குங்கள். பாலில் வெங்காயத்தாளைப் போட்டுச் சூடாக்குங்கள். கிழங்கைத் தோலுரித்துச் சூடாக இருக்கும்போதே மசித்து, பாலையும் கீரையையும் சேர்த்துக் கிளறி, உப்பும் மிளகுத்தூளும் போடுங்கள். தட்டில் குவித்து நடுவில் குழி செய்து வெண்ணெயை வைத்தால் அது உருகிக் குளமாக நிற்கும். ஓரத்திலிருந்து எடுத்து அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். சைவர்களுக்கு முழு விருந்தும் இதுவே.

8. கடைசிக் கதிர்

ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் வரை, வயலில் கடைசிப் பிடி கதிர் நிற்கும் நேரம்தான் சடங்குகளின் உச்சம். இங்கே அயர்லாந்தைத் தாண்டிக் கொஞ்சம் சுற்றிவரலாம்.

ஸ்காட்லாந்தில் அந்தக் கடைசிப் பிடிக்கு கல்யாஹ், அதாவது கிழவி என்று பெயர். அறுவடையை முதலில் முடித்தவர் கதிரில் ஒரு கிழவிப் பொம்மை செய்து, இன்னும் முடிக்காத பக்கத்து வயல்காரரின் நிலத்தில் எறிந்துவிட்டு ஓடுவார். அவர் முடித்ததும் அடுத்தவரிடம் எறிவார். கடைசியில் யாரிடம் தங்குகிறதோ அவர் குளிர்காலம் முழுவதும் கிழவிக்குச் சோறு போட வேண்டும். இந்த அவமானத்துக்குப் பயந்தே இரவிலும் அறுத்தார்கள். சீக்கிரம் முடித்தால் அதே பிடி "கன்னி" ஆகிவிடும். ரிப்பன் கட்டி வீட்டில் மாட்டி, அடுத்த முதல் உழவின்போது குதிரைக்குத் தின்னக் கொடுப்பார்கள்.

வேல்ஸில் கடைசிக் கதிர்களை நின்றபடியே பின்னி, தூரத்தில் நின்று அரிவாள்களை எறிந்து அறுப்பார்கள். வென்றவன் அதை நனையாமல் வீட்டுக்குள் கொண்டு போக வேண்டும். பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீரோடு காத்திருப்பார்கள். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால் அவனுக்கு மேசையில் மரியாதை, மாட்டிக்கொண்டால் கடைசி இருக்கை.

இன்று நேரில் பார்க்க எளிதானது இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் நடக்கும் "கழுத்தைக் கூவுதல்". கடைசிப் பிடிக்கு அங்கே கழுத்து என்று பெயர். விவசாயி கடைசிப் பிடியை உயர்த்திப் பிடித்து "கிடைத்துவிட்டது!" என்று மூன்று முறை கூவுவார். "என்ன கிடைத்தது?" என்று மற்றவர்கள் மூன்று முறை கேட்பார்கள். "ஒரு கழுத்து!" என்று அவர் மூன்று முறை சொன்னதும் எல்லோரும் ஆர்ப்பரிப்பார்கள். மங்கிப்போன இந்த வழக்கத்துக்கு 1920களில் பழைய கார்ன்வால் சங்கங்கள் மீண்டும் உயிர் கொடுத்தன. கார்னிஷ் மொழியிலும் ஆங்கிலத்திலும் கூவுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் போய் நிற்கலாம்.

பார்ப்பதோடு நிற்காமல் செய்ய விரும்பினால் அயர்லாந்தின் அறுவடை முடிச்சைப் பின்னுங்கள். கதிரோடு கூடிய மூன்று ஓட்ஸ் அல்லது கோதுமைத் தாள் போதும்.

- தாளின் மேல்பகுதியை மட்டும், முதல் கணுவுக்கு மேலே வெட்டி எடுங்கள். கணு இருந்தால் மடிக்கும்போது உடையும்.
- வெதுவெதுப்பான நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.
- கதிர்களுக்குச் சற்றுக் கீழே மூன்றையும் நூலால் கட்டி, முடி பின்னுவதுபோல மூன்று கால் பின்னலாகப் பின்னுங்கள். அழுத்தி இழுக்காதீர்கள்.
- பின்னலை வளைத்து ஒரு கண்ணியாக்கி, முனையைக் கதிர்க் கட்டோடு சேர்த்துச் சிவப்பு அல்லது பச்சை ரிப்பனால் கட்டுங்கள். காய்ந்ததும் அப்படியே நிற்கும்.

பெண்ணுக்குக் கொடுக்கும் முடிச்சில் கதிர் இருக்கும், ஆண் சட்டையில் குத்திக்கொள்வதில் கதிரை வெட்டிவிடுவார்கள். யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை யோசித்துக் கொடுங்கள். அது காதல் சைகையாக இருந்தது.

9. சௌவினில் முடித்துவிடுங்கள்

அக்டோபர் 31 மாலைக்குள் விளைச்சல் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், மேட்டு மேய்ச்சலுக்குப் போன மாடுகள் கீழே இறங்கிவிட வேண்டும். சௌவினுக்கு முந்தைய அந்த மாலைதான் ஹாலோவீன்; அதைப் பற்றி உலகத்துக்கே தெரியும் என்பதால் இங்கே விரித்துச் சொல்லவில்லை. ஒரு கட்டுப்பாட்டை மட்டும் சொல்கிறேன்: சௌவினுக்குப் பிறகு வேலியோர பிளாக்பெர்ரியைப் பறிக்கக் கூடாது. பூக்கா என்ற குட்டிச்சாத்தான் அவற்றின்மேல் எச்சில் துப்பிவிடுமாம். நவம்பரில் அந்தப் பழங்கள் பூஞ்சை பிடித்துச் சொதசொதவென்று இருக்கும் என்பதால் பூக்காவை நம்பாதவரும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

அன்றைய பண்டம் பார்ம்பிராக். வீட்டில் எளிதாகச் செய்யும் தேநீர் பிராக் இப்படி: 375 கிராம் உலர்திராட்சை வகைகளை 300 மில்லி சூடான கடுந்தேநீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பால் சேர்க்காத தேநீர். மறுநாள் 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, 250 கிராம் பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் மாவு (self-raising flour), ஒரு தேக்கரண்டி பட்டை-ஜாதிக்காய்த் தூள் சேர்த்துக் கலக்கி, நீளத் தகரத்தில் ஊற்றி 170 டிகிரியில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் சுடுங்கள். குச்சி குத்திப் பார்த்து ஒட்டாமல் வந்தால் ஆயிற்று.

மாவோடு சில பொருள்களையும் மறைத்து வைப்பது வழக்கம். மோதிரம் வந்தவருக்கு ஓராண்டுக்குள் திருமணம், நாணயம் வந்தவருக்குப் பணம், துணித்துண்டு வறுமை, பட்டாணி வந்தால் இந்த ஆண்டு கல்யாணம் இல்லை, குச்சி வந்தால் தம்பதியருக்குள் சண்டை. இன்று கடைகளில் விற்பதில் பெரும்பாலும் மோதிரம் மட்டும் இருக்கும். நீங்கள் வைப்பதானால் ஒவ்வொன்றையும் பேக்கிங் தாளில் சுற்றி வையுங்கள். சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும் துண்டை முதலில் பிய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். விருந்தினரிடம் உள்ளே மோதிரம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அயர்லாந்தில் பல் மருத்துவருக்கு ஆகும் கட்டணம் சாதாரணமானதல்ல.